படங்களை வெளியிட்ட பிறகு வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி: மடிப்பு மடிப்பான மேற்கூடும், அடித்தட்டிலிருந்து ஒரே வளைவாக எழும் தண்டும் கொண்ட மேசை விளக்கு ஒன்றை வடிவமைத்தேன். அதன் முப்பரிமாண வரைபடத்தை நண்பர் ஒருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு கணினியில் வரைந்து கொடுத்தார். செய்கூலி விவரம் கேட்பதற்காக அந்த வரைபடத்தை ஒரு பட்டறைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பின்னர், நான்கு மாதங்களுக்கு முன், முதல் மாதிரியின் படங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டேன். இப்போது அதே பட்டறை, மடிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, வட்டமான அடித்தட்டைச் சதுரமாக்கி, ஏறக்குறைய அதே விளக்கை விற்கிறது. இனியும் நான் பதிவு செய்ய முடியுமா? பதிப்புரிமை தானாகவே இருக்கும்போது பதிவு எதற்கு என்கிறார் நண்பர். ஐந்து இடங்களில் மாற்றினால் அது நகல் ஆகாது என்கிறது பட்டறை. யார் சொல்வது சரி?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் முழுவதும் பட்டறையின் மீதான மனக்குறையாக இருக்கிறது. அது நியாயமானதே. ஆயினும் இப்போதைக்குப் பட்டறையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சமூக ஊடகத்தில் படங்களை ஏற்றிய அந்த நாளைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு உள்ள அவகாசம் அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. நான்கு மாதங்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.

வடிவமைப்பைப் பதிவு செய்வதற்கான அடிப்படைத் தகுதி புதுமை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அதே தோற்றம் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கக் கூடாது. அதை வெளியிட்டவர் வடிவமைத்தவராகவே இருந்தாலும் விதி இதுதான். இந்தக் கடுமையைத் தணிப்பதற்காகப் பல நாடுகள் சலுகைக் காலம் ஒன்றை வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றில், வடிவமைப்பாளர் தாமே வெளியிட்ட நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீடு அவருக்கு எதிராகக் கொள்ளப்படுவதில்லை. ஜப்பானில் மட்டும், சலுகையைக் கோருகிறோம் என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைத் தவறவிடுபவர்கள் பலர். இந்த நாடுகளில் உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் இருக்கின்றன. சீனாவிலும் இந்தியாவிலும் நிலைமை வேறு. சீனச் சட்டத்தின் சலுகை 6 மாதங்களே; அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கண்காட்சி, உங்கள் இசைவின்றிப் பிறர் வெளியிட்டது போன்ற குறிப்பிட்ட சூழல்களுக்கு மட்டும் உரியது. இந்தியச் சட்டத்தில், முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கண்காட்சியில் வைப்பது போன்ற மிகக் குறுகிய விலக்குகளே உண்டு. நீங்களே விரும்பிச் சமூக ஊடகத்தில் ஏற்றிய படத்தை இவ்விரு நாடுகளின் சலுகையும் காப்பாற்றாது.

சமூக ஊடகப் படத்தையெல்லாம் யார் கணக்கில் எடுக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேண்டாம். பூமா நிறுவனம் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு காலணியின் வடிவமைப்பைப் பதிவுக்குக் கொடுத்தது. பாடகி ரியானா 2014 டிசம்பரில், தடித்த கறுப்பு அடிப்பகுதி கொண்ட வெள்ளைக் காலணியை அணிந்திருக்கும் படங்கள் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளியாகியிருந்தன. இடைவெளி 12 மாதங்களைத் தாண்டிவிட்டதால், அந்தப் படங்களையே சான்றாகக் கொண்டு பதிவு செல்லாது என்ற முடிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2024 மார்ச்சில் உறுதி செய்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே ஒரு தேதியைத் தாண்டியதால் பதிவை இழந்திருக்கிறது. எனவே படங்கள் ஏறிய நாளும் நேரமும் தெரியும்படி உங்கள் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை நீக்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒருமுறை பொதுவெளிக்கு வந்தது நீக்கிய பிறகும் வந்ததாகவே கருதப்படும். நீக்குவதால், சலுகைக் காலத்தைக் கோரும்போது உங்களுக்கே தேவைப்படும் சான்றைத்தான் இழப்பீர்கள்.

அந்தச் சமூக ஊடகப் படங்களில் விளக்கின் எந்தப் பக்கங்கள் தெரிகின்றன என்பதையும் கவனித்துப் பாருங்கள். படத்தில் தெரியாத பகுதி வெளியிடப்பட்டதாகாது. எடுத்துக்காட்டாக, மேற்கூட்டின் உட்புறமோ, தண்டும் அடித்தட்டும் சேரும் பின்பக்கமோ எந்தப் படத்திலும் இல்லையென்றால், அவற்றை மையமாகக் கொண்ட தனி வடிவமைப்புக்கு, சலுகை இல்லாத நாடுகளிலும் வாய்ப்பு மிஞ்சியிருக்கலாம். ஆனால் பட்டறை விற்கும் விளக்கில் அந்தப் பகுதிகள் ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் இப்போது மாற்றியமைத்து வரும் புதிய மாதிரி எதுவும் இருந்தால், பதிவு முடியும்வரை அதை ஒருவருக்கும் காட்டாதீர்கள்.

பட்டறையின் விற்பனையும் ஒரு வெளியீடுதானே, அது என் புதுமையைக் கெடுத்துவிடாதா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில், வடிவமைப்பாளரிடமிருந்து கிடைத்த தகவலைக் கொண்டு மூன்றாமவர் செய்த வெளியீட்டுக்கும் அதே 12 மாதச் சலுகை பொருந்துகிறது. அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் பட்டறையின் விளக்கு உங்கள் வரைபடத்திலிருந்து பிறந்ததுதான் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு அந்த மின்னஞ்சலும் இணைப்புக் கோப்பும் பட்டறையின் பதிலுமே ஆதாரம். ஆகவே அவற்றை மூல வடிவிலேயே பாதுகாத்து வையுங்கள்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு காலவரையறை இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஓர் உறுப்பு நாட்டில் முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், முதல் விண்ணப்பத்தின் தேதியே அங்கும் முன்னுரிமைத் தேதியாகக் கொள்ளப்படும். இந்த 6 மாதங்கள் விண்ணப்ப நாளிலிருந்து ஓடுகின்றன. சலுகைக் காலமோ வெளியீட்டு நாளிலிருந்து ஓடுகிறது. முன்னுரிமைத் தேதியைப் பெற்றதால், அதற்கு முன்பே நடந்துவிட்ட வெளியீடு மறைந்துவிடுவதில்லை.

அடுத்து, எதைப் பதிவு செய்யப்போகிறீர்கள் என்பது. வடிவமைப்புப் பதிவு பொருளின் தோற்றத்துக்கே உரியது: கோடுகள், வளைவுகள், உருவம், அலங்காரம், சில நாடுகளில் நிறமும் மேற்பரப்பும். விளக்கை எந்தக் கோணத்திலும் நிறுத்தும் மூட்டு ஒன்றைத் தண்டுக்குள் பொருத்தியிருக்கிறீர்கள் என்றால், அந்தச் செயல்முறை காப்புரிமையின் கீழ் வரும். அதை வடிவமைப்புப் பதிவுக்குள் நுழைக்க முயல்வது வீண். முழுவதும் தொழில்நுட்பத் தேவையால் அமைந்த தோற்றத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. இதே வேலையை வேறு வடிவங்களாலும் செய்யலாமே, ஆகவே என் வடிவம் தேவையால் வந்ததல்ல என்ற வாதம் ஐரோப்பாவில் நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. பற்றவைப்பில் பயன்படும் பீங்கான் ஊசிகள் பற்றிய டோசெரம் வழக்கில், மாற்று வடிவங்கள் இருப்பது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது, அந்தத் தோற்றத்தைத் தேர்ந்ததற்குத் தொழில்நுட்பச் செயல்பாடு ஒன்றே காரணமா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. உங்கள் மேற்கூட்டின் மடிப்புகள் வெறும் வெப்பம் வெளியேறுவதற்காக அமைந்தவையா, கண்ணுக்காகவும் அமைந்தவையா என்று நாளை எதிர்த்தரப்பு கேட்கும். நீங்கள் பல வடிவங்களை வரைந்து பார்த்து, தோற்றத்துக்காக இதைத் தேர்ந்திருந்தால், தேதியிட்ட அந்தப் பழைய ஓவியத் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி, நான் மிகுந்த அழுத்தத்தோடு சொல்ல விரும்பும் பகுதி. வடிவமைப்பு விண்ணப்பத்தில் எழுத்துக்கு இடம் சிறிது. நீங்கள் கொடுக்கும் படங்களே உரிமையின் எல்லையை வகுக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளப் பிரிட்டனின் டிரங்கி வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. குழந்தைகள் ஏறி அமர்ந்து உருட்டிச் செல்லும் பயணப்பெட்டியை மேக்மாட்டிக் என்ற நிறுவனம் பதிவு செய்திருந்தது. பதிவில் இருந்தவை கணினியில் உருவாக்கிய, நிழலும் ஒளியும் கொண்ட, சாம்பல் நிறச் சாயலில் அமைந்த ஆறு படங்கள். அவற்றில் பெட்டி கொம்புள்ள விலங்கு போலத் தோன்றியது. உடலுக்கும் சக்கரங்களுக்கும் இடையே நிற வேறுபாடும் தெரிந்தது. மேற்பரப்பில் எந்த அலங்காரமும் இல்லை. போட்டியாளர் விற்ற பெட்டிகளில் சில காதுள்ள புலியையும், சில உணர்கொம்புள்ள பூச்சியையும் ஒத்திருந்தன. மேற்பரப்பு முழுவதும் ஓவியங்கள் இருந்தன. முதல் நீதிமன்றம் மேக்மாட்டிக் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2016இல் உச்ச நீதிமன்றமும் மீறல் இல்லை என்ற முடிவையே ஏற்றது. உருட்டிச் செல்லும் பெட்டி என்பது புத்திசாலித்தனமான யோசனைதான் என்று நீதிபதிகள் அனுதாபம் தெரிவித்தார்கள். ஆனாலும் இந்தச் சட்டம் காப்பது வடிவமைப்பை, யோசனையை அன்று என்று முடித்துவிட்டார்கள். நிழலின்றி, வெறும் வெளிக்கோடுகளால் வரைந்த படங்களைக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவின் எல்லை விரிந்திருக்கும் என்பதே இத்துறையில் இருப்போர் பலரின் கணிப்பு. என் கணிப்பும் அதுவே.

ஆகவே உங்கள் நண்பர் வரைந்த, பளபளப்பும் பின்னணியும் கொண்ட அந்த அழகிய கணினிப் படங்களை அப்படியே விண்ணப்பத்தோடு இணைத்துவிடாதீர்கள். அவை விற்பனைக்கு உரியவை. விண்ணப்பத்துக்கென்று தனியாக, முன், பின், வலம், இடம், மேல், கீழ், சாய்ந்த பார்வை என ஒன்றுக்கொன்று துளியும் முரண்படாத கோட்டுப் படங்களை வரையச் செய்யுங்கள். முன்பக்கப் படத்தில் ஒன்பது மடிப்புகளும் மேற்பார்வையில் எட்டு மடிப்புகளும் தெரிந்தால், பரிசோதகர் ஆட்சேபிப்பார். ஆட்சேபிக்காமல் விட்டாரானால், அதை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பது இன்னும் மோசம். நிறம் முக்கியமில்லை என்றால் நிறத்தில் படம் தராதீர்கள். உங்கள் பெயரோ சின்னமோ படத்தில் வேண்டாம்.

புள்ளிக்கோடு என்றொரு கருவி பல நாடுகளில் இருக்கிறது. முழுக்கோட்டில் வரைந்தது உரிமை கோரும் பகுதி. புள்ளிக்கோட்டில் வரைந்தது சூழலைக் காட்டுவதற்காக மட்டும். அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் சாம்சங்குக்கு எதிராகக் கொண்டுசென்ற வடிவமைப்புகளில் ஒன்று, கைப்பேசியின் முன்முகத்தை மட்டும் முழுக்கோட்டில் காட்டி, மற்றவற்றைப் புள்ளிக்கோட்டில் விட்டது. அதனால் பின்பக்கமும் பொத்தானும் வேறுபட்டிருப்பது எதிர்த்தரப்புக்கு உதவவில்லை. உங்கள் விளக்கிலும் இதே வழியைப் பின்பற்றலாம். முழு விளக்கு ஒரு வடிவமைப்பு. அடித்தட்டைப் புள்ளிக்கோட்டில் விட்டு, தண்டும் மேற்கூடும் சேர்ந்தது இன்னொன்று. மேற்கூடு மட்டும் மூன்றாவது. பட்டறை அடித்தட்டைச் சதுரமாக்கிய தந்திரம், அடித்தட்டையே கோராத இரண்டாவது பதிவின் முன் பயனற்றுப் போகும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால், முழு விளக்கைப் பதிவதைவிட இந்த இரண்டாவதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

எங்கே விண்ணப்பிப்பது என்பது உங்கள் சந்தையைப் பொறுத்தது. நாடுதோறும் தனித்தனியாகக் கொடுக்கலாம். அல்லது உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு நடத்தும் ஹேக் முறையின் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். அந்த முறையில், பொருள்களை வகுப்புகளாகப் பிரிக்கும் லோகார்னோ வகைப்பாட்டின் ஒரே வகுப்பைச் சேர்ந்த 100 வடிவமைப்புகள்வரை ஒரே விண்ணப்பத்தில் அடங்கும். விளக்குகளுக்கு உரியது 26ஆம் வகுப்பு. அதைப் பயன்படுத்த, உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமையோ, வசிப்பிடமோ, உண்மையான தொழில் நிறுவனமோ உங்களுக்கு இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன், அதே அமைப்பின் இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பாருங்கள்; உங்கள் விளக்கை ஒத்த பழைய பதிவு இருந்தால் இப்போதே தெரிவது நல்லது. ஐரோப்பிய ஒன்றியப் பதிவகம் புதுமையைப் பரிசோதிக்காமலே பதிவு செய்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பரிசோதித்த பிறகே தருகிறார்கள். முன்னது விரைவில் கிடைக்கும். ஆனால் அந்தச் சான்றிதழ் எதிர்ப்பைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாதுகாப்புக் காலம் உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கைப்படி குறைந்தது 10 ஆண்டுகள். இந்தியாவில் 10 ஆண்டுகளும் மேலும் 5 ஆண்டு நீட்டிப்பும். அமெரிக்காவில் வழங்கிய நாளிலிருந்து 15. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்தைந்தாகப் புதுப்பித்து 25. ஜப்பானில் விண்ணப்பித்த நாளிலிருந்து 25.

பதிப்புரிமை பற்றி உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. உங்கள் ஓவியத்துக்கும் வரைபடத்துக்கும் பதிப்புரிமை தானாகவே உண்டு. ஆனால் அந்த வரைபடத்தின்படி தொழில்முறையில் செய்த பொருளுக்கு அது எவ்வளவு தூரம் நீளும் என்பதை, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை அந்தந்த நாட்டின் சட்டத்துக்கே விட்டுவிட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பதிவு செய்யத் தகுந்த வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவரது இசைவு பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாகச் செய்துவிட்டால், அதன் பதிப்புரிமையே முடிந்துபோகும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதியாத வடிவமைப்புக்கும் 3 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு; அங்கே முதன்முதலில் வெளிவந்த நாளிலிருந்து அது தொடங்கும். அது நகலெடுப்பவரை மட்டுமே தடுக்கும். தற்செயலாக அதே வடிவத்தை அடைந்தவரைத் தடுக்காது. பதிவு இருவரையும் தடுக்கும். பதிப்புரிமையை நம்பி, இருக்கும் எட்டு மாதங்களை விட்டுவிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டணம் பெற்று வரைந்து கொடுத்த நண்பர், அந்த வடிவமைப்பில் தம்முடைய பங்கு எதையும் சேர்த்தாரா? உங்கள் கை ஓவியத்தை அப்படியே கணினிக்கு மாற்றியிருந்தால் சிக்கல் குறைவு. தண்டின் வளைவை அவரே தீர்மானித்திருந்தால், அவரும் வடிவமைப்பாளர் ஆகிறார். ஒரு நிறுவனத்தின் ஊழியர் வரைந்தது பெரும்பாலான நாடுகளில் நிறுவனத்துக்கே சேரும். ஆனால் கூலிக்கு அமர்த்திய சுயதொழிலர் விஷயத்தில் நாடுகள் வேறுபடுகின்றன. இந்தியச் சட்டத்தில் பணம் கொடுத்து வரையச் செய்தவரே உரிமையாளர். ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2014க்குப் பிந்திய பிரிட்டன் சட்டத்திலும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை வடிவமைத்தவரே உரிமையாளர். விண்ணப்பத்துக்கு முன்பே, தம் உரிமை முழுவதையும் உங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு பக்க ஆவணத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்று அவர் மகிழ்ச்சியோடு போடுவார். விளக்கு நன்றாக விற்கத் தொடங்கிய பிறகு கேட்டால், நட்புக்கே அது சோதனையாகிவிடும்.

ஐந்து இடங்களில் மாற்றினால் நகல் ஆகாது என்ற விதி எந்த நாட்டின் சட்டத்திலும் இருப்பதாக நான் அறிந்ததில்லை. சிலர் பத்து விழுக்காடு என்பார்கள், அதுவும் அப்படித்தான். ஐரோப்பாவில், அந்தப் பொருளைப் பற்றி ஓரளவு அறிந்த பயனருக்கு இரு பொருள்களும் வேறுபட்ட ஒட்டுமொத்தத் தோற்றத்தைத் தருகின்றனவா என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில், முந்தைய வடிவமைப்புகளை அறிந்த சாதாரணப் பார்வையாளர் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவாரா என்று பார்க்கிறார்கள். மாற்றங்களை யாரும் எண்ணிக் கூட்டுவதில்லை. ஆனால் பட்டறைக்குச் சாதகமான ஒரு நிலையும் இருக்கிறது. மடிப்புக் கூடுள்ள மேசை விளக்குகள் சந்தையில் ஏராளம் என்றால், அந்த நெருக்கத்தில் சிறு வேறுபாடும் பெரிதாகத் தெரியும். உங்கள் உரிமை ஒடுங்கும். மடிப்புக் கூடும் ஒரே வளைவான தண்டும் சேர்ந்த விளக்கு இதற்கு முன் இல்லை என்றால், மடிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தது பட்டறைக்கு உதவாது. உங்கள் படத்தையும் பட்டறையின் விளக்கையும் மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் இது தெரியாது. பழைய விளக்குகளின் வரிசையையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பட்டறைக்கு எச்சரிக்கைக் கடிதத்தை இன்றே அனுப்பிவிடாதீர்கள். பதிவு இல்லாமல் பதிவு மீறல் என்று எழுத முடியாது. பதிவுக்கு முன் நடந்த விற்பனைக்குப் பதிவின் பேரில் இழப்பீடும் கேட்க முடியாது. ஆதாரமின்றி மீறல் வழக்குப் போடுவதாக மிரட்டினால், மிரட்டியவர் மீதே வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சட்டங்கள் தருகின்றன. அதே நேரத்தில், பட்டறைக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ரகசியம் காக்கும்படி கேட்டிருந்தீர்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால், அல்லது அந்தக் கடிதப் போக்கிலிருந்தே ரகசியத்தன்மை புலப்பட்டால், நம்பிக்கை மீறல் என்ற தனி வழக்குக்கு இடமிருக்கிறது. அதற்குப் பதிவு தேவையில்லை. பட்டறையின் விளக்கு ஒன்றை ரசீதோடு வாங்கி, உறையைப் பிரிக்காமல் வையுங்கள்; இன்னொன்றைப் பிரித்துப் படமெடுங்கள். அதன் விற்பனைப் பக்கத்தையும் தேதியோடு சேமியுங்கள்.

பதிவு எண் கையில் வந்ததும் நிலைமை மாறும். இணைய விற்பனைத் தளங்கள் பலவும் பதிவு எண்ணோடு வரும் புகாரை ஏற்று விற்பனைப் பக்கத்தை நீக்குகின்றன; வழக்கைவிட இது மலிவு, விரைவும்கூட. அப்போது பட்டறை சமரசத்துக்கு வந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். நன்றாக உற்பத்தி செய்யத் தெரிந்த ஒரு பட்டறை, உரிமம் பெற்றுச் செய்பவராக மாறுவதில் உங்களுக்கும் ஆதாயம் இருக்கலாம். அப்படி உரிமம் கொடுப்பதானால், எந்தெந்த நாடுகளில் எத்தனை ஆண்டுகளுக்கு, ஒரு விளக்குக்கு எவ்வளவு என்பவற்றோடு, இதுவரை செய்து விற்றவற்றின் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன்படிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.